எங்கள் சந்துக்கு ஒரு வீரன் தேவைப்பட்டான்

கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, கெட்டிப் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, பிறகு துணிப்பந்தால் மை ஒற்றினால், கல்லில் இருப்பது காகிதத்துக்கு வந்துவிடும். எழுத்து வெள்ளையாக நிற்கும், சுற்றிலும் கறுப்பு. மைப்படி என்று பெயர். பெங்களூரில் ஒரு கல்வெட்டு ஆபீசில் எனக்கு இதுதான் வேலை. மழை வருமா, காற்றில் காகிதம் கிழியுமா, கல்லடியில் பாம்பு கிடக்குமா, நான் வெளியூரில் இருக்கும்போது வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா என்று கவலைப்படுவதும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. யாரும் என்னைக் கவலைப்படச் சொல்லவில்லை. எனக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது.

அப்பா நெஞ்சு நோயில் போனதும் ஏழாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. படித்தவர்கள் பேசும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன். அந்த வழக்கத்தைக் கெடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் சார். அவருடைய தாத்தா சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். சாருக்கு வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். இன்னொருவர் மெட்ராசிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த அம்மா. அம்மா என்றேனே தவிர என்னைவிடச் சின்னவர். இரண்டு பேருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஜீப்பின் முன்சீட்டிலிருந்து அவரும் பின்சீட்டிலிருந்து இவரும் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டு வருவேன்.

ஒருமுறை ஹொசகோட்டைப் பக்கம் ஒரு வீரக்கல், சண்டையில் செத்தவனுக்கு நட்டது. நான் வாளித் தண்ணீரோடு போய் நின்றேன். சார் எழுத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நின்ற ஊர்க்காரரிடம், "இந்தக் கல் முன்னாடி எங்க இருந்தது?" என்று கேட்டார்.

"எப்பவும் இங்கதான் சாமி."

சார் என் பக்கம் திரும்பி, "அவர் பொறந்து, விவரம் தெரிஞ்சு பாத்ததிலேருந்துன்னு அர்த்தம். எப்பவும்ங்கறதுக்கு அவ்வளவுதான் நீளம்" என்றார்.

அந்த அம்மா அதற்குள் கல்லின் அடியில் குந்தி உட்கார்ந்துவிட்டார். "பாருங்க, உளி படாத சொரசொரப்பு இது. மண்ணுக்குள்ள இருக்க வேண்டியது. வெளிய நிக்குது. யாரோ பிடுங்கி வந்து நட்டிருக்காங்க."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மழையில மண்ணு அரிச்சுப் போயிருந்தாம்மா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மா எழுந்து போய், ஒட்டியிருந்த பழைய கிணற்றுச் சுவரின் அடியையும் அரசமரத்து வேரையும் பார்த்துவிட்டு வந்தார். "அரிக்கல. வேர் எதுவும் வெளிய தெரியல. ஆனா கேட்டீங்களே, அது கேக்க வேண்டிய கேள்விதான்."

"இவனுக்கு எதைப் பாத்தாலும் பயம். அதான் கேட்டான்" என்றார் சார்.

"இருக்கட்டும் சார். நாளைக்கு என்ன ஆயிடுமோன்னு பயப்படறவரு, நேத்து என்ன ஆயிருக்குமோன்னு திருப்பிப் பயந்தா போதும். நம்ம வேலை நடந்துரும்."

அன்றிலிருந்து ஜீப்பில் நானும் கேட்க ஆரம்பித்தேன். சொன்னவன் அங்கே இருந்தானா? யாருக்காகச் சொன்னான்? சொல்லாமல் விட்டது எது? வீட்டில் பெண்டாட்டியிடம் இதையெல்லாம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

நாங்கள் குடியிருந்தது தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில், பழைய பட்டாளத்துக் குதிரை லாயத்துக்குப் பின்னால் ஒரு சந்து. வெள்ளைக்காரன் போனதோடு சந்தின் பிழைப்பும் போய்விட்டது. பட்லர்களும் ஆயாக்களும் குதிரைக்காரர்களும் வேலையில்லாமல் நின்றார்கள். சிலர் ஒக்கலிபுரத்துப் பக்கம் ரயில் கூலிக்குப் போனார்கள். சிலர் எங்கேயும் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். இப்படிச் சில வருஷம் ஓடிய பிறகு உத்தரவு வந்தது. இது சர்க்கார் இடம், குவார்ட்டர்ஸ் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள். இங்கே பாத்தியதை ஏதாவது இருந்தால் விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் சொல்லலாம்.

எங்கள் சங்கத் தலைவர் ஒரு தையல்காரர். என்னைவிட இரண்டு மடங்கு சத்தமாகப் பேசுவார். உத்தரவு வந்த வாரமே வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், உன் ஆபீஸ் கல்ல படிக்கிற ஆபீசு. நம்ம காவக்காரன் இருக்கானே, ஆயிரம் வருசத்துக் கல்லு. நம்ம பாட்டன் முப்பாட்டன். அதப் படிச்சு உங்க சாரு ஒரு காயிதம் குடுத்துட்டா எந்தக் கொம்பன் நம்மள எழுப்புவான்?"

காவக்காரன் என்பது சந்து முனையில் நாங்கள் எண்ணெய் பூசிக் கும்பிட்ட கல். கையில் வாளோடு ஒருத்தன், கீழே எழுத்து.

"படிச்சுட்டு வேற ஏதாச்சும் சொல்லிட்டாங்கன்னா?"

"இன்னா சொல்லிடுவாங்க? கல்லு பொய் பேசுமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் கூட்டிப்போனேன். பெண்கள் முனகிக்கொண்டே எண்ணெயைக் கழுவ விட்டார்கள். சொந்தச் சந்தில் நானே படி எடுத்தேன். சார் படித்தார். பழைய கன்னட எழுத்து. மாடுகளை மீட்கப்போய்ச் செத்த ஒருவன். ஊர்ப் பெயர் வேறு ஏதோ.

"அந்தக் காலத்துல நாங்க கன்னடத்துலயும் எழுதுவோம் சார்" என்றார் தையல்காரர்.

"எழுதியிருப்பேள் ஐயா. ஊர் கூடவா நகந்து வரும்?"

அந்த அம்மா வழக்கம்போல அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொரசொரப்பான பாகம் முழங்கால் உயரத்துக்கு வெளியே நின்றது. நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கும்பிட்டிருக்கிறேன்.

கூட்டத்தில் நின்ற கிழட்டு பட்லர், "எங்கப்பன் சொல்லுவாரு, ஏரிக்கரையிலேருந்து மாட்டு வண்டியில..." என்று ஆரம்பித்தார்.

"யோவ் பெருசு, உன்னைக் கேட்டாங்களா?" என்று தையல்காரர் அவரை அடக்கினார்.

ஜீப் வரைக்கும் கூடவே போனேன். "ஒரே ஒரு வரி சார். இவங்க அந்தக் காலத்திலேருந்து இங்கதான் இருக்காங்கன்னு. புள்ளகுட்டியோட எங்க சார் போவோம்?"

சார் கண்ணாடியைத் துடைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. "கல் என்ன சொல்றதோ அதை எழுதித் தரேன். அவனுக்கு நீங்க வாரிசுன்னு கல் சொல்லலையே. நான் சொன்னா, அடுத்த நிமிஷம் ஒருத்தன் அடியைப் பாத்துட்டு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுவான்."

"உங்களுக்கு ஆயிரம் வருஷம் எதுக்கு?" என்றார் அந்த அம்மா. "பட்டாளம் வந்தப்போ வந்திருப்பீங்க. அவங்கதானே இங்க குடிவச்சிருப்பாங்க? கிணறு இருக்கு, இடுகாடு இருக்கு. அது போதாதா? வயசானவங்களைக் கேளுங்க. தனித்தனியா கேளுங்க. கூட்டத்துல கேட்டா தலைவரோட பதில்தான் எல்லார் வாயிலயும் வரும்."

கேட்டேன். வேலை விட்டு வந்து ஒவ்வொரு வாசலாக உட்கார்ந்தேன். முதலில் என் அம்மாவிடம்.

"உங்க தாத்தா பட்டாளத்துல இருந்தாரு."

"பட்டாளத்துல என்ன வேலைம்மா?"

"பட்டாளத்துல."

"துப்பாக்கி புடிச்சாரா?"

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அத்தினி சிப்பாயி இருந்தானே, அவங்க கக்கூசு வாளிய ஆரு தூக்கினா? அவங்களே தூக்கிக்கினாங்களா?"

பட்லர் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அவரும் அதையே சொன்னார். பஞ்சத்தில் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து கால்நடையாக வந்தவர்கள். பட்டாளம் லாயத்துக்குப் பின்னால் ஒதுக்கிய இடம். வாளி தூக்குகிறவன் ஊருக்குள் தண்ணீர் எடுக்கக்கூடாது என்பதால் அவர்களே வெட்டிக்கொண்ட கிணறு. அவருடைய அப்பா வாளி தூக்கியவர்; மகன் அப்படி ஆகக்கூடாது என்று ஒரு துரை வீட்டுச் சமையல்கட்டில் கெஞ்சிச் சேர்த்துவிட்டிருக்கிறார். பேசும்போது பெரியவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு மூன்று பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், இதையே சொன்னார்கள்.

சாரிடமும் அந்த அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். முதல்முறையாக இரண்டு பேரும் சண்டை போடவில்லை.

"கலந்து பேசிக்காதவா ஒண்ணையே சொல்றா. இது நிக்கும்" என்றார் சார். "ஆனா இதை எவனும் கல்லுல வெட்டல. அவாளே வந்து வாயால சொன்னாத்தான் உண்டு."

"சொல்லுவாங்களா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

எனக்கு அதுதான் பயம். தையல்காரரிடம் மெதுவாக எடுத்துப் பேசினேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பீ அள்ள வந்தோம்னு அந்த ஆபீசர் முன்னாடி நிக்கவச்சி சொல்லச் சொல்றியா?"

"வீடு நிக்கும் மச்சான்."

"நின்னா? அந்த வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? நாலு எழுத்து படிச்சவங்க கூட ஜீப்புல சுத்திட்டு நம்மளயே நோண்டறியா?"

விசாரணை நாளன்று கல்லுக்கு மாலை போட்டிருந்தார்கள். தையல்காரர் ஆயிரம் வருஷத்தைச் சொன்னார், நன்றாகவே சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவ்வளவு பழைய கல் என்றால் அது சர்க்காருக்குச் சேரவேண்டியது, கல்வெட்டு ஆபீசுக்குத் தெரிவிக்கிறேன் என்று பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

 நான் சொன்னேன். பஞ்சம், பட்டாளம், ஒதுக்கிய இடம், கிணறு, எதற்காக வந்தோம் என்பது, எல்லாம். வாளி என்ற சொல் வந்தபோது பின்னாலிருந்து ஒருவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கேலி செய்யவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு, "யாரு ஹேள்தாரே?" என்று கன்னடத்தில் கேட்டார். யார் சொல்கிறார்கள் என்று. பிறகு தமிழில், "நீ பார்த்தவன் இல்லையே. பெரியவங்க யாராவது சொல்லட்டும், எழுதிக்கறேன்."

நான் பட்லரைப் பார்த்தேன். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க துரை. நாங்க பட்டாளத்துக்காரங்க."

அதிகாரி பேனாவை மூடினார். மற்ற கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள். என் அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை.

முதலில் கல்லைத்தான் எடுத்தார்கள். எங்கள் ஆபீஸ் வளாகத்துக்கே வந்தது, மற்ற கற்களோடு வரிசையில் நின்றது. நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். பிறகு சந்து. பொம்மனஹள்ளிக்கும் அப்பால், ஓசூர் ரோட்டைவிட்டு விலகிய ஒரு பொட்டலில் இடம் காட்டினார்கள். தண்ணீர் இல்லை, வேலைக்குப் போக வண்டி இல்லை. அங்கே போன முதல் மழைக்காலத்தில் குழந்தைகள் சில போயின. என் இரண்டாவது பெண்ணும் போனாள். சந்தில் பாதிப் பேர் இழவுக்கு வரவில்லை. வாளிக்காரன் வீடு என்று என் வீட்டுக்கு மட்டும் பெயர் ஆகியிருந்தது.

அந்த அம்மா மெட்ராசுக்குத் திரும்புமுன் ஒருநாள் பொட்டலுக்கு வந்தார். "தனித்தனியா கேக்கச் சொன்னேன். கேட்டதை வெளியில சொன்னா அவங்களுக்கு என்ன ஆகும்னு யோசிக்கவே இல்ல" என்றார். நானும்தான் யோசிக்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன் அதை விட்டுவிட்டேன்.

வீடு மாற்றிய அன்று, லாரியில் பட்லர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். வேறு இடமில்லை. மூட்டைகளுக்கு நடுவே அவர் முட்டி என் முட்டியை இடித்துக்கொண்டே வந்தது. ரோடு முடிந்து மண்பாதை ஆரம்பித்தபோது, எதிரே பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ சொன்னது நெசம்தான்."

நான் சரிந்த மூட்டையை இழுத்து நிறுத்தினேன்.

"என் மருமவ அன்னிக்கி அங்க நின்னுக்கினு இருந்தா. என் பேரன் இடுப்புல. சிப்பாய் வீடுன்னு சொல்லித்தான் கட்டிக்கினு வந்தோம்."

லாரி ஒரு பள்ளத்தில் இறங்கியது. பின்னால் யாருடைய பானையோ உடைந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பள்ளம் தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை, நானும் தட்டிவிடவில்லை.