பந்தலுக்காக வெட்டிய மருதமரம்

கல்யாண வீடுகளில் மைக் பிடித்துப் பேசுவது என் உபதொழில். மாப்பிள்ளையின் தொப்பையிலிருந்து பந்தியில் உப்பில்லாத சாம்பார் வரை எதையும் விடமாட்டேன். குமராட்சிப் பக்கம் என்னைக் கண்டாலே சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அதில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது. போன சித்திரையோடு அது போய்விட்டது.

கொள்ளிடத்தின் நடுவே ஒரு திட்டு இருக்கிறது. சுற்றிலும் ஆறு, மேலே மணலும் நாணலும். வெள்ளம் அதன் மரங்களை வாரிக்கொண்டு போன பிறகு, அங்கே மறுபடி காடு வளர்ப்பதென்று நாங்கள் நாலைந்து பேர் கிளம்பினோம். நான் குழி வெட்டி, எரு போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். வைத்ததில் பாதி காய்ந்தது, மீதியை மாடு தின்றது. யாரும் வைக்காத நாவலும் அத்தியும் மட்டும் அங்கங்கே முளைத்து நின்றன. அவற்றைக் களை என்று நினைத்து ஒரு வருஷம் முழுக்க நானே பிடுங்கிப் போட்டேன். காடு வளர்க்கப் போனவனின் லட்சணம் இது.

அவை வௌவால் போட்ட விதைகள் என்பது பிறகுதான் தெரிந்தது. திட்டுக்கு எதிரே ஆற்றங்கரையில் பெரிய மருதமரம் ஒன்று. அதில் பழந்தின்னி வௌவால்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். பொழுது சாய்ந்தால் திட்டைத் தாண்டித்தான் இரை தேடப் போகும். போகிற வருகிற வழியில் விதையைக் கழித்துவிடும். அந்த மரம் நின்றால் போதும், திட்டில் காடு வந்துவிடும். நான் மண்வெட்டியை ஓரம் வைத்தேன்.

அப்போதுதான் பெரிய மனிதர் ஒருவருக்குத் திட்டில் மரம் நடுவிழா நடத்த ஆசை வந்தது. அவருக்குத் தோதான நாள் சித்திரையில்தான் கிடைத்ததாம். சுடுமணலில் செடி வைத்தால் பிழைக்குமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். மைக் உங்கள் கையில்தான் என்றார்கள், பல்லிளித்துக்கொண்டு நின்றேன். பந்தலும் நாற்காலியும் என் மனைவியின் தம்பி பொறுப்பு.

ஏற்பாட்டுக் கூட்டத்தில் அவன் கேட்டான்: "மாமா, பந்தல மருதமரத்தடியில போட்டுக்கலாமா? நெழல் ஜாஸ்தி."

"போடு மச்சான். விருந்தாளி வெள்ளச் சட்டையில வந்தாருன்னா வௌவாலே மேலேர்ந்து பொன்னாட போத்திடும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

விழா நாளன்று காலையில் போனால், மரத்தில் பாதி தரையில் கிடக்கிறது. பட்டப்பகலில் வௌவால்கள் வெயிலில் சுற்றிச் சுற்றிப் பறக்கின்றன. குட்டி போட்டிருந்த சமயம். உள்ளங்கை அளவுக் குட்டிகள் இலைக் குவியலில் கத்திக்கொண்டு கிடந்தன. காக்கைகள் அதற்குள் வந்துவிட்டன.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"நீங்கதான மாமா சொன்னீங்க, சட்ட நாசமாயிடும்னு? பந்தலுக்கு மேல இருந்த கெளையத்தான் எடுத்தேன்."

"தமாசுக்குச் சொன்னேன்டா!"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்க எதத்தான் தமாசு பண்ணாம சொல்லியிருக்கீங்க?"

அவனை அறைந்திருப்பேன். அறை வாங்க வேண்டியவன் நான்தான் என்பதால் கை எழவில்லை.

விழா தொடங்கியதும் மைக்கை வாங்கினேன். "மரம் நடுற விழாவுக்காக ஒரு மரத்த வெட்டியிருக்கோம். இந்தத் திட்டுல காடு வச்சது நாம இல்ல, அந்த வௌவாலுங்க. அதுங்களத் தொரத்திட்டு, போட்டோவுக்காக செடியத் தூக்கிக்கிட்டு நிக்கறோம். வெக்கமா இல்ல நமக்கு?"

முன்வரிசை சிரித்தது. ஒருத்தன் விசில் அடித்தான். சிறப்பு விருந்தினர் தோள் குலுங்கச் சிரித்தார். "சிரிக்காதீங்க!" என்று கத்தினேன். அதையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டினார்கள். இத்தனை வருஷம் இவர்களைச் சிரிக்கப் பழக்கியது நான். யாரைத் திட்டுவது?

அவர் வறண்டு கிடந்த ஆற்றைக் கடந்துபோய், திட்டின் சுடுமணலில் ஒரு செடியை நட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். மத்தியானம் வௌவால்கள் மீதிப் பாதி மரத்துக்குத் திரும்பின. சில தாய்களின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. மரம் அறுக்கிறவர் மெஷின் ரம்பத்தோடு வந்தார்.

"மீதியையும் எடுத்துடச் சொல்லிட்டாருண்ணே உங்க மச்சான். அடுத்த வருஷமும் விழா இங்கதானாம்."

"தொடக் கூடாது."

"வெளையாடாதீங்கண்ணே" என்று அவரும் சிரித்தார்.

அவர் கையிலிருந்த ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அது இவ்வளவு கனம் என்று தெரியாது. தோளில் ஏற்ற முயன்று, முடியாமல் இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து, "மாமா, வாடகை ரம்பம் மாமா!" என்று மச்சான் கத்தினான். நான் நிற்கவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வாசலில் வண்டியை நிறுத்திக் கேட்டான்.

"எப்பதான் தருவீங்க?"

"குட்டிங்க பறக்கட்டும்."

"அப்பறம் தந்துடுவீங்களா?"

"அப்பவும் தரமாட்டேன்."

நாலாம் நாள் அவன் வரவில்லை. இன்னொரு ரம்பம் அவனுக்குக் கிடைக்காமலா போகும்? அதனால் தினமும் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ரம்பம் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. பெருக்கும்போது விளக்குமாற்றில் இடிக்கிறது என்கிறாள் மனைவி. இடிக்கட்டும்.