அன்னைக்கு எங்க உக்காந்தீங்க?

போன வருடம் ஐப்பசி மாதம், தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். கோவை துடியலூரில் எங்கள் வீட்டு வாசலில் மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஹாலில், சோபா சுத்தம் செய்யும் மூன்று மெஷின்களின் விளக்கப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நான் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் திறன், தொட்டியின் கொள்ளளவு, உறிஞ்சும் வேகம், உத்தரவாதம் என்று கட்டம் கட்டமாக. எதிரில் என் மனைவி காயாத துணிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் எட்டு வருடமாக ஒரு கம்பெனியின் ஃபிரான்சைஸ் எடுத்து நடத்திவந்தார். 'கார்பெட் கிளீனிங்' என்று பலகையில் இருக்கும். நம்மூரில் கார்பெட் போட்ட வீடுகள் எத்தனை? நடைமுறையில் சோபா, மெத்தை, கார் சீட் ஆகியவைதான் வேலை. பலகை, மெஷின், ஷாம்பு எல்லாம் கம்பெனியுடையவை. உழைப்பு இவருடையது, கூட வரும் காரமடைப் பெண்மணியுடையது. ஒரு சோபாவை நாற்பது நிமிடத்தில் முடித்தாக வேண்டும் என்று கம்பெனி புதிதாகக் கட்டளை போட்டது. இவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார். மாதக் கடைசியில் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தப் பெயரில் தொழில் தொடங்குவதாக ஏற்பாடு.

எங்களிடம் இருந்த சேமிப்புக்கு ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும். அது சரியில்லை என்றால் இன்னொன்றுக்கு வழியில்லை. விட்டு வந்த கம்பெனிக்கும் திரும்பிப் போக முடியாது. எட்டு வருட அனுபவம் ஒரு தவறான மெஷினோடு முடிந்துவிடக் கூடாதே என்றுதான் நான் அவ்வளவு மும்முரமாக அட்டவணை போட்டேன்.

உக்கடம் பக்கம் இருந்த கடையில் ஏற்கெனவே ஒரு டெமோ பார்த்திருந்தோம். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய கார்பெட் துண்டு ஒன்றில் காபியைக் கொட்டி, செருப்புக் காலால் நன்றாகத் தேய்த்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய மெஷினை ஓட்டிக் காட்டினார். சுடுதண்ணீரைப் பீய்ச்சி அடித்து, அடுத்த நொடியே உறிஞ்சி எடுக்கும் வகை அது. கண்ணாடி மாதிரியான தொட்டியில் கறுப்புத் தண்ணீர் ஏறியது.

"பாருங்க சார். எருமை குளிச்ச தண்ணியாட்டம் வருது" என்றார் பெருமையாக.

நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். என் அட்டவணையிலும் அந்த மெஷின்தான் முதலிடம். கம்பெனி கொடுத்திருந்ததும் அதே ரகம், கொஞ்சம் பழசு. பழகிய ரகத்தில் புதிதும் பெரிதுமாக ஒன்று வாங்குவதில் என்ன யோசனை?

மனைவிக்கு யோசனை இருந்தது. "அழுக்கு எடுக்கும், அதுல ஒண்ணுஞ் சொல்றதுக்கில்லீங்க. ஆனா ஒருக்கா கூப்பிட்டவங்கள்ல பாதிப் பேரு மறுபடி கூப்பிடறதில்ல. அது ஏன்னு தெரியாம எப்படி வாங்கறது?"

கம்பெனியின் கருத்துத் தாள்களின் நகல்கள் அவரிடம் ஒரு கட்டு இருந்தன. புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஐந்து நட்சத்திரம்.

"நேர்ல போய்க் கேட்போம். கேள்வி கேக்கறது என் தொழில்தானே" என்றேன். உள்ளூர் நாளிதழ் ஒன்றில் நான் இருபத்து மூன்று வருடமாகச் செய்தியாளன்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். பழைய வாடிக்கையாளர்களிடம் ஆறு மாதத்துக்கு வேலை கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. யாரும் பின்னால் வந்து பார்க்கப் போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் மனைவி முதலில் அதைத்தான் சொன்னார். "வேலை கேட்டு வரலீங்க. புதுசா மெஷின் வாங்கறேன். நாங்க செஞ்சதுல என்ன குறைன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் என் கேள்வியைக் கேட்பேன். வேலை திருப்தியாக இருந்ததா, ஏதாவது குறை உண்டா என்று.

"ஏனுங்க, குறை சொல்லவா உங்களைக் கூப்பிட்டோம்? அருமையாப் பண்ணிக் குடுத்தீங்க. காப்பி வெக்கட்டுங்களா?"

மூன்று வீடுகளில் இதே பதில், மூன்று டம்ளர் காபி. எங்கள் பக்கத்தில், வீடு தேடி வந்தவரின் முகத்துக்கு நேராகக் குறை சொல்வது அவரை வெளியே போகச் சொல்வதற்குச் சமம். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் நோட்டில் 'திருப்தி, திருப்தி, திருப்தி' என்று எழுதிக்கொண்டேன்.

நான்காவது வீடு கவுண்டம்பாளையத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வழக்கம்போலக் கேட்டேன். அவரும் வழக்கம்போல, "ரொம்ப சுத்தமுங்க" என்றார். மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோபாவின் மேல் தடிமனான ஒரு துப்பட்டி விரித்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"நாங்க வந்துட்டுப் போன அன்னைக்கு, சாயங்காலம் டிவி பார்க்க எங்க உக்காந்தீங்க?"

அவர் ஒரு நொடி யோசித்தார். இது குறை கேட்கும் கேள்வி இல்லையே, அதனால் மறைக்கத் தோன்றவில்லை. "டைனிங் டேபிள் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தனுங்க."

"எத்தனை நாளுங்க?"

அவர் வாயைத் திறக்கும் முன் சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "மூணு நாளுங்க. மொத நாளு இவரு கீழ உக்காந்துபோட்டு முட்டி புடிச்சுக்கிச்சு. எந்திரிக்க முடியல. நானும் எதுத்த ஊட்டுக்காரரும் ஆளுக்கொரு கை புடிச்சுத் தூக்கி உட்டோம்."

"சித்தெ சும்மா இரு" என்றார் கணவர்.

"கேக்கறாங்கல்ல. ரெண்டாம் நாளு ஒரு வாடை வேறங்க. மழையில நனைஞ்ச நாய் ஊட்டுக்குள்ள வந்து படுத்தாப்பல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே?" என்றார் என் மனைவி.

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "எப்படிங்க சொல்றது? நீங்களும் அந்த அம்மணியும் முட்டி போட்டு அத்தனை பாடுபட்டீங்க. சொன்னா மனசு சங்கடப்படுமில்லீங்க?"

எங்களிடம் இருந்த தாளில் அந்த வீட்டுக்கும் ஐந்து நட்சத்திரம்தான்.

அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டேன். அன்றும் மறுநாளும் சேர்த்து இன்னும் எட்டு வீடுகளுக்குப் போனோம். மனைவி 'குறை' என்ற சொல்லையே எடுக்கவில்லை. அன்றைக்கு எங்கே உட்கார்ந்தீர்கள், விருந்தாளி வந்தால் எங்கே உட்கார வைத்தீர்கள், மெஷின் ஓடும்போது நீங்கள் எந்த அறையில் இருந்தீர்கள் என்றுதான் கேட்டார். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டத் தொடங்கினார்கள். ஒரு வீட்டில் தலைமுடி உலர்த்தும் மெஷினை வைத்து மணிக்கணக்காகச் சோபாவை உலர்த்தியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் எங்கள் மெஷின் ஓடுவதற்காக ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் பாலைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். சத்தம் தாங்காமல் மொட்டை மாடிக்குப் போனவர்கள் இரண்டு பேர். சுத்தமாகவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் உட்காரத்தான் முடியவில்லை.

என் அட்டவணையில் ஈரத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

திங்கட்கிழமை மறுபடியும் உக்கடம் கடைக்குப் போனபோது, மனைவி எங்கள் சோபாவின் மெத்தை ஒன்றைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். இன்னொரு கையில் சமையலறைத் தராசு. கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, மெஷின் வாங்க வந்தீங்களா, தக்காளிக் கடை போட வந்தீங்களா?"

"ரெண்டுமே எடை போட்டாத்தானுங்களே தெரியும்" என்றார் இவர்.

மெத்தையைக் காய்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொண்டார். அதில் ஒரு மூலையில் காபிக் கறை. பெரிய மெஷினால் கழுவி, உறிஞ்சி எடுக்கச் சொன்னார். கறை காணாமல் போனது. மறுபடி தராசில் வைத்தார். முக்கால் கிலோ கூடியிருந்தது. கடைக்காரரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "இன்னும் ரெண்டு தடவை சும்மா உறிஞ்சிப் பாக்கறனுங்க" என்று அவரே முன்வந்தார். அப்படியும் அரைக் கிலோவுக்குக் கீழே இறங்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் அந்த மெத்தையை மின்விசிறிக்கு அடியில் காயவிட்டு, அதே சோபாவின் மற்ற மெத்தைகளை வேறு மெஷின்களில் சோதித்தார். மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு சின்ன மெஷினும் அதில் ஒன்று. அது தண்ணீருக்குப் பதில் நுரையைப் போட்டுத் தேய்த்து உறிஞ்சும். கால் கிலோகூட ஏறவில்லை. ஆனால் புதிதாக வைத்த காபிக் கறையின் ஓரம் லேசாகத் தெரிந்தது.

நான் விடவில்லை. "கறை நிக்குதே. கறை எடுக்கறதுக்குத்தானே கூப்பிடறாங்க?"

"கறை போகலைன்னா நானே சொல்லிப்போடுவேன். கண்ணுக்கு முன்னால இருக்குது. ஈரம் நான் போன பின்னாலதான் தெரியும். அவங்களும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

கடைக்காரர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினஞ்சு வருசமா விக்கறனுங்க. தொட்டிக்கு வந்த தண்ணியைத்தான் எல்லாருக்கும் காட்டுனேன். உள்ள நின்ன தண்ணியை யாரும் கேக்கல, நானும் பாக்கல." சொல்லிவிட்டு, விலை அதிகமான மெஷினை விற்க ஒரு வார்த்தைகூட எடுக்காமல், சின்ன மெஷினைத் துடைத்து முன்னால் நகர்த்தி வைத்தார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

அதையே வாங்கினோம். எனக்கு உள்ளூரப் பயம்தான்.

கார்த்திகை பிறந்தும் மழை நிற்கவில்லை. முதல் அழைப்பு வடவள்ளியிலிருந்து வந்தது. முன்பின் தெரியாத வீடு. காலை பதினோரு மணிக்குப் போனில் ஒரு அம்மா பதறினார். மாலை ஆறு மணிக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஹால் சோபாவில் சாம்பார்ச் சட்டி கவிழ்ந்துவிட்டது, முடியுமா முடியாதா?

நானாக இருந்தால் முடியாது என்றிருப்பேன். மாப்பிள்ளை வீட்டார் எழுந்திருக்கும்போது வேட்டியில் ஈரத் திட்டு இருந்தால், புதிதாகத் தொடங்கிய தொழிலின் பெயர் அன்றைக்கே கெட்டுப்போகும். மனைவி, "வாரேனுங்க" என்றார். காரமடைப் பெண்மணி அன்று விடுப்பு. மெஷினைத் தூக்க நான் போனேன். வாடகை ஆட்டோவின் பின்சீட்டில் அது சுலபமாக அடங்கியது.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. மின்விசிறிகளைச் சோபாவை நோக்கித் திருப்பி வைத்தோம். நாலரை மணிக்கு அவர் பழைய நாளிதழ்களைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு தாளை விரித்து, அதன்மேல் பத்து நிமிடம் உட்கார்ந்தார். எழுந்து தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நடு இருக்கையில் விரித்த தாளில் உள்ளங்கை அளவு ஈரம். நான் வேலை பார்க்கும் பத்திரிகை அவ்வளவு கவனமாக வாசிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுபடி உறிஞ்சி, மறுபடி காற்று விட்டு, ஐந்தரைக்கு மறுபடி உட்கார்ந்தார். தாள் காய்ந்திருந்தது.

கிளம்பும் முன் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கைப்பிடியைக் காட்டினார். "இந்த மஞ்சள் முழுசாப் போகலீங்க. இன்னொரு நாள் வந்து பாக்கறேன், அதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"உடுங்க, அந்தப் பக்கம் என்ற கொழுந்தனாரை உக்கார வெச்சுக்கறேன். அவரு மறைச்சுக்குவாரு" என்றார் அந்த அம்மா.

மழை வலுத்ததால் கார் நிறுத்தும் இடத்தில் ஒதுங்கி நின்றோம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெளுத்த வேட்டியில், கனமான உடம்போடு, நடு இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அரை மணி நேரம் கழித்துக் கை கழுவ எழுந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். வேட்டியில் ஒரு சுருக்கம் மட்டும் இருந்தது. என் மனைவி பார்த்தது அந்த ஒன்றைத்தான். பெண்ணையோ மாப்பிள்ளையையோ அவர் பார்க்கவே இல்லை. "போலாமுங்க" என்றார்.

'பொதுமக்கள் மகிழ்ச்சி தெரிவித்தனர்' என்று இருபத்து மூன்று வருடத்தில் எத்தனையோ செய்திகளை முடித்திருக்கிறேன். அவர்கள் பொய் சொன்னதாக இப்போதும் நான் நினைக்கவில்லை. மரியாதை தெரிந்தவர்களிடம் மரியாதையான பதில் ஒன்றை மட்டுமே வரவழைக்கும் கேள்வியை நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் புதிதாகத் திறந்த பேருந்து நிழற்குடையைப் பற்றி எழுதப் போனால், நேற்று மழை வந்தபோது எங்கே நின்றீர்கள் என்று கேட்கிறேன். பாதிப் பேர் எதிர்க் கடையைக் காட்டுகிறார்கள். என் தொழிலின் முக்கியமான பாடம், எட்டு வருடமாக அடுத்தவர் வீட்டுச் சோபாவின் முன் முட்டி போட்டுக்கொண்டு என் வீட்டிலேயே இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது, வெட்கத்தைவிட எனக்குப் பெருமைதான் அதிகமாக இருக்கிறது.