மாலியிலிருந்து வந்த நிப்பிள்

என் மகளுடைய தோலுக்கு எதுவும் ஆகாது. சோப்பு ஆகாது, பவுடர் ஆகாது, அவள் அப்பாவின் தாடி உரசினால் கன்னம் தடித்துவிடும். தூத்துக்குடி வெயிலும் உப்புக் காற்றும் அவளுக்கென்றே ஏவிவிட்ட மாதிரி இருக்கும். கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு எல்லாம் பிறந்ததிலிருந்தே செக்கச்செவேலென்று கிடந்தன. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வாயைச் சுற்றி வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

முதலில் வாங்கியது மெடிக்கல் ஷாப்பில் தொங்கும் ரப்பர் நிப்பிள். பிள்ளை அழாமல் சூப்பிக்கொண்டு கிடக்கட்டும் என்று என் மாமியார் வாங்கி வந்தார். கிடக்கத்தான் செய்தாள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், நிப்பிளின் தட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு வாயைச் சுற்றித் தோல் வெந்து போயிருந்தது. அதைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். எறிந்தால் ஆச்சா? கையைச் சூப்ப ஆரம்பித்தாள், மணிக்கட்டு புண்ணானது. உதடு வெடித்தது. பிறகு என் மார்பில் வாய் பட்டதுமே வீறிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால் கட்டிக்கொண்டு நான் அழுதேன், பசியில் அவள் அழுதாள்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தேங்காய் எண்ணெய் தடவு, கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தடவு.

"எங்க காலத்துல புள்ளைகளுக்கு இப்படியா தோலு இருந்துச்சி?" என்றார் மாமியார்.

"தோலும் இருந்துச்சி மாமி, இப்படிப் பேசுததுக்கு வாயும் இருந்துச்சி" என்று சொல்லிவிட்டேன். அதற்கு அப்புறம் அன்று முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. நிம்மதி.

டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பாலைப் பீய்ச்சி சங்குல குடுங்க. ஆனா சூப்புற பழக்கம் விட்டுப்போகக் கூடாதும்மா. விட்டுப்போச்சுன்னா அட்மிட் பண்ணி மூக்கு வழியா ட்யூப் போடணும்" என்றார். நிப்பிள் வைக்கலாம், ஆனால் ரப்பர் கூடாது. நல்ல சிலிக்கானில், ஒட்டில்லாமல் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். தட்டு உதட்டோடு ஒட்டாமல் வெளிப்பக்கம் வளைந்து, எச்சில் தேங்காதபடி பெரிய ஓட்டைகளோடு இருக்க வேண்டும். வாசனை இருக்கவே கூடாது.

கடை கடையாக ஏறினேன். ஒரு அண்ணாச்சி பொம்மை ஒட்டிய ஒன்றை எடுத்துப் போட்டார். "இதுல விசிலும் இருக்கும்மா. எம் பேரன் இதத்தான் சூப்புதான். அவனுக்கு ஒண்ணும் செய்யலயே." உங்க பேரனுக்கு உங்க தோலு அண்ணாச்சி என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆன்லைனில் வரவழைத்தேன். சிலிக்கான் என்று போட்டிருந்தது. பிரித்தால் புதுச் செருப்பு வாசனை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன்.

என் வீட்டுக்காரர் தோணியில் இஞ்சின் டிரைவர். காய்கறியும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணி. எங்களுக்கு அது மாலி. கரை பிடித்தால்தான் போன் வரும். வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் அங்கே ஒரு கடைக்குள் நின்றுகொண்டு வீடியோவில் வந்தார்.

"இதாளா? இல்ல அதாளா?"

"மடக்கிப் பாருங்க. ஒட்டு இருக்கா? மோந்து பாருங்க."

கடைக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, அந்த டீசல் கறை பிடித்த விரல்களால் நிப்பிளை மூக்கருகே வைத்து இழுத்து இழுத்து மோந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒரு வாசனையும் இல்லளா" என்றார். டாக்டரம்மா சொன்ன அத்தனையும் அதில் இருந்தது.

அப்புறம் கடல் மோசமென்று தோணி கிளம்பவில்லை. இங்கே பிள்ளையின் உதட்டில் என் விரலை வைத்தால், முன்பு வெடுக்கென்று இழுப்பவள் இப்போது நாக்கால் தொட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். மாதாவே, மறந்துவிடுவாளோ என்று ஒவ்வொரு நாளும் வைத்து வைத்துப் பார்த்தேன்.

ஒரு வழியாக வந்து சேர்ந்தார், பெட்டியோடு. மாலிப் பெட்டி என்றால் சோப்பு, பவுடர், அப்புறம் தெருவுக்கே பங்கு வைக்கத் தலைவலித் தைலம். தைலம் இல்லாமல் வந்தால் மதிக்க மாட்டார்கள். இன்னொரு பழக்கமும் உண்டு. புதுச் சாமான் என்று கஸ்டம்ஸில் கேள்வி வரக் கூடாதென்று, அட்டை, கவர் எல்லாவற்றையும் அங்கேயே பிரித்து எறிந்துவிடுவார்கள். நிப்பிளையும் அப்படியே பிரித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று துண்டில் சுற்றிப் பெட்டிக்கு நடுவில் வைத்திருந்தார். வழியில் ஒரு தைலக் குப்பியின் மூடி கழன்றுவிட்டது. துண்டு முழுக்கத் தைலம்.

வெந்நீரில் போட்டேன். சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி கொதிக்க வைத்தேன். வெயிலில் காயப் போட்டேன். சிலிக்கான் ஒரு வாசனையைக் குடித்துவிட்டால் லேசில் கக்காது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். என் நாக்கில் வைத்துப் பார்த்தேன், குளுகுளுவென்று எரிந்தது.

"இது வேண்டாங்க."

"இம்புட்டு அவிச்ச பெறகு என்னளா இருக்கும்?" என்றார். முகம் சுருங்கிப்போய்விட்டது. ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளறையில் பால் பீய்ச்சப் போனேன். தூக்கிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் வாங்கி வந்ததைப் போட மனசு வரவில்லை.

"ஏளா, வாங்கிட்டா! சூப்புதா, வந்து பாரு!" என்று அவர் கத்தினார். சத்தியமாகச் சொல்கிறேன், தைலத்தையெல்லாம் மறந்து நானும் சிரித்துக்கொண்டேதான் ஓடி வந்தேன். அவர் மடியில் கிடந்து, ஜன்னலில் வைத்த அந்த நிப்பிளைக் கன்னம் குழிய இழுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாயிற்று அந்தக் குழியைப் பார்த்து! அடுத்த நொடி கண்ணை அகல விழித்தாள். மூச்சு அடைத்தது. நிப்பிள் தெறித்து விழுந்தது. முகம் ரத்தமாகச் சிவந்தது, அழக்கூடச் சத்தம் வரவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவரை என்னென்ன திட்டினேனோ, எனக்கே தெரியாது.

மூச்சு சீராகிவிட்டது. ஆனால் வாய்க்குள்ளும் தோல் உரிந்திருந்தது. புண் ஆறும்வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லி மூக்கில் ட்யூப் போட்டார்கள். எது வரக் கூடாதென்று கடை கடையாக அலைந்தேனோ, அது.

அவர் சட்டையில் இன்னும் தைல வாசனை இருந்தது. கிட்ட வராதீங்க என்று சொல்லிவிட்டேன். குழாயடியில் கையைக் கழுவிக் கழுவிவிட்டு வார்டு வாசலிலேயே நின்றார். மத்தியானம் பிள்ளை அசந்து தூங்கினாள்.

"ஏளா" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "அங்கன பாரு. சூப்புதா. மறக்கலளா."

பார்த்தேன். தூக்கத்தில் கன்னம் குழிந்து குழிந்து எழுந்தது. வெறும் வாய்தான் இழுத்துக்கொண்டிருந்தது. அதில் வைக்க எங்கள் இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை.