ஆம்பளை எட்டு, பொம்பளை பத்து

செருப்புக் கடையில் இருபத்தொன்பது வருஷம் முட்டி போட்டு உட்கார்ந்து ஊரார் காலையெல்லாம் பிடித்தவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நம்பரக்கா என்றால்தான் தெரியும். ஆள் வாசல்படி ஏறும்போதே காலைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிடுவாள். கால் அளக்கிற பலகை ஒன்று கடையில் இருந்தது. அதன்மேல் முதலாளி தண்ணீர்க் குடத்தை வைத்திருந்தார்.

அந்தக் கடைக்கு வந்த சரக்கில் ஆண்களுக்கு ஓர் எண் வரிசை, பெண்களுக்கு வேறு வரிசை. ஆண் எண்ணோடு இரண்டைக் கூட்டினால் பெண் எண். ஒன்றிரண்டு கம்பெனிச் சரக்குக்கு ஒன்றரை கூட்டினால் போதும். ஆண்கள் அலமாரி பன்னிரண்டு வரைக்கும் நீண்டுகொண்டு போகும், பெண்கள் அலமாரியோ எட்டோடு நின்றுவிடும். ஒன்பது, பத்து கால் உள்ள பெண்கள் பூமியிலேயே பிறக்கவில்லை என்று சரக்கு அனுப்புகிறவன் முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது. பிறந்தவர்களோ நம்பரக்காவிடம் வந்து நின்றார்கள். வெட்கத்தில் கால் விரல்களை மடக்கிக்கொண்டு, கடையில் வேறு ஆள் போகட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர்களுக்கென்று அவள் ஒரு முறை வைத்திருந்தாள். பின்னறைக்குப் போவாள். ஆண்கள் சரக்கில் பூப்போல இருப்பதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். பெட்டியைத் தூர வீசுவாள், உள்ளே ஒட்டியிருக்கும் எண் சீட்டை நகத்தால் கிள்ளி எடுப்பாள். ஷூவின் நாக்கைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தில் அழியாத மைப் பேனாவால் பெண் எண்ணை எழுதுவாள். வெளியே வந்து, "உங்க நம்பர்தாம்மா, பத்து. இப்பதான் வந்துச்சு" என்பாள். ஒரு பெண்ணின் காலுக்கு ஆண் எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அவள் சட்டம். ஒருமுறை முதலாளி கல்லாவிலிருந்தே, "ஆம்பளை ஒன்பதுல ஒண்ணு எடுத்துக் குடு" என்று கத்தினார். வந்த பெண் அப்படியே இறங்கிப் போய்விட்டாள். "உங்க வாயை முதல்ல தைக்கணும் முதலாளி, அப்புறம் ஷூ தைக்கலாம்" என்றாள் நம்பரக்கா. அவர் அதற்குப் பிறகு அப்படிக் கத்தியதில்லை.

இதெல்லாம் அவளுக்கு வந்தது தங்கையால். சின்னவள் இவளுக்குப் பதினாலு வயது இளையவள். அம்மா போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்தது இவள்தான். அப்பா வழியில் எல்லாருக்கும் கால் பெரிது. பெரிய அத்தைக்கும் அப்படி, அத்தை மகள்கள் மூன்று பேருக்கும் அப்படி. இவள் அம்மாவைக் கொண்டு பிறந்து தப்பித்தாள், சின்னவள் மாட்டிக்கொண்டாள். ஆண் எட்டு, பெண் பத்து. "நான் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே என் கால் வந்துரும்க்கா" என்று தானே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு வெளியில்தான். கட்டினவனிடம் மட்டும் அதைச் சொல்லக் கூடாது என்று அக்காளின் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். "அவருக்கே எட்டுதான்க்கா. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் வெச்சுத் தாளிப்பாரு."

சின்னவள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கால் மூடிய கறுப்பு ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு ஜோடி, அக்கா கையால்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தத் தொழிற்சாலை பற்றி எரிந்தது. பின்கதவு பூட்டியிருந்தது. காகிதமும் பசையுமாக இருந்த இடம் எரிய எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலத்துக்குள் இருபத்துமூன்று பேரை வெளியே கொண்டுவந்து போட்டார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தைத் திறந்து இரண்டு நீள மேசைகள் போட்டார்கள். இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். உடல்களைக் காட்டவில்லை. உடம்பில் மிஞ்சியதைப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்திருந்தார்கள். சாவி, வளையல், பெல்ட்டின் கொக்கி, அதிகமாக ஷூக்கள். பட்டியலோடு ஒரு கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

நம்பரக்கா தங்கை கணவனோடு போய் நின்றாள்.

"யாரைத் தேடறீங்க?"

"தங்கச்சி. முப்பத்தெட்டு வயசு."

"நகை நட்டு?"

"வேலைக்குப் போறப்போ கழட்டி வெச்சுட்டுப் போவா."

"செருப்பா, ஷூவா?"

"கறுப்பு ஷூ. கயிறு கட்டுறது."

"நம்பர் தெரியுமா?"

"பத்து" என்றாள்.

இருபத்தொன்பது வருஷப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவன் வேறு நின்றுகொண்டிருந்தான். யோசித்துச் சொன்னாள் என்றும் சொல்ல முடியாது, யோசிக்காமல் சொன்னாள் என்றும் சொல்ல முடியாது.

கண்ணாடிக்காரர் பென்சிலைப் பட்டியலில் மேலிருந்து கீழே ஓட்டினார். "லேடீஸ்ல அஞ்சு, ஆறு, ஏழு... பத்தே இல்லையேம்மா. எதுக்கும் மேசையைப் பாத்துருங்க."

பெண்கள் மேசையில் இருந்த ஒன்பது உறைகளையும் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். ஐந்து நாள் போய்ப் போய்ப் பார்த்தாள். உறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தாய்மார் வந்தார்கள், அக்கா தங்கைகள் வந்தார்கள், அலறினார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்கள். அலறக்கூட வழியில்லாமல் இவள் திரும்பி வந்தாள்.

தொழிற்சாலை மேஸ்திரியையும் காணோம். அவன் வீட்டுக்காரிக்கும் உடல் கிடைக்கவில்லை. இந்த ஒரு நூல் போதாதா? ஊர் அதில் சேலையே நெய்துவிட்டது. ஐந்தாம் நாள் தங்கை கணவன் வாயைத் திறந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஆளையும் காணோம், இவளையும் காணோம். ஊர்ல பேசிக்கிறாங்க..."

"ஊர் வாயில கெடந்தது உன் வாய்க்கும் வந்துருச்சா தம்பி?"

"செத்திருந்தா உடம்பு எங்கக்கா? நீங்கதானே ஒண்ணு விடாம பாத்தீங்க?"

அவள் எழுந்து வெளியே வந்தாள். அவன் வீட்டு வாசலில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. கட்டியிருந்த வாயிலிருந்து தங்கையின் நீலச்சேலைத் தலைப்பு வெளியே தெரிந்தது. பொல்லாதவன் இல்லை அவன். பிணத்துக்காக அழவும் முடியாமல், ஓடினவளைத் திட்டவும் முடியாமல் நின்ற மனுஷன். ஆனாலும் மூட்டை கட்டியது அவன் கைதான். அன்றைக்கு நம்பரக்கா நினைத்தாள்: செத்தவளைத் திரும்பக் கொண்டுவர யாராலும் ஆகாது. செத்தாள் என்றாவது ஆக்கவேண்டும். இல்லாவிட்டால் காலத்துக்கும் ஓடிப்போனவள்தான்.

"வீட்ல உக்காந்தா மனசு கெட்டுரும், வந்து நில்லு" என்று முதலாளி ஆள் அனுப்பினார். ஆறாம் நாள் கடைக்குப் போனாள். பதினோரு மணி வாக்கில் உயரமாக ஒரு பெண் வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றாள். நம்பரக்காவுக்குத் தெரியாதா? பின்னறைக்குப் போனாள். பெட்டியைப் பிரித்தாள், சீட்டைக் கிள்ளினாள், நாக்கைத் தூக்கினாள். ஒன்று போட்டாள், பக்கத்தில் பூஜ்யம் போட்டாள். மை காய்வதற்காக ஷூவைக் கவிழ்த்தாள். ரப்பர் அடிப்பாகத்தில் வார்த்திருந்த எட்டு அவளைப் பார்த்தது. சீட்டைக் கிள்ளலாம், அந்த எட்டைக் கிள்ள முடியாது.

அந்தப் பெண் எவ்வளவு நேரம் கடையில் நின்றாளோ. நம்பரக்கா பின்வாசல் வழியாகப் பள்ளிக்கூடக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

"ஆம்பளை மேசையிலயா? அங்க உங்களுக்கு என்னம்மா வேலை?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆம்பளை எட்டு ஒண்ணு இருந்துதா சார்? கறுப்பு, கயிறு கட்டுறது. நாக்கைத் தூக்கினா பத்துன்னு எழுதியிருக்கும்."

"அன்னிக்கு எங்கிட்ட பத்துன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முகம் இல்ல, துணி இல்ல. ஷூவைப் பாத்துத்தான்மா ஆம்பளை பொம்பளைன்னு பிரிச்சோம். டாக்டர் ஒரே நாள்ல இருபத்துமூணு பாத்தாரு, நாங்க எழுதினதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாரு." பக்கத்தைத் திருப்பினார். "பதினாலாவது. ஆண், எட்டு. முந்தாநேத்து ஒரு பெரியவர் வாங்கிட்டுப் போயிட்டாரு. அவர் மகனுக்கும் எட்டாம்."

முந்தாநாள் வரைக்கும் அது அங்கேயே இருந்திருக்கிறது. இவள் குனிந்து குனிந்து பார்த்த மேசைக்கும் அதற்கும் நடுவே நாலு அடி. ஊரில் எந்தக் காலுக்கும் கணக்குச் சொல்கிறவள் தன் தங்கை காலுக்குச் சொன்ன கணக்கு அது.

விலாசம் வாங்கிக்கொண்டு போனாள். பெரியவர் பூட்டு ரிப்பேர்க்காரர். இரும்புப் படிக்கட்டு ஏறி மாடியில் ஒரே அறை. கதவுக்கு அருகில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் அந்த ஷூக்களை வைத்திருந்தார்கள். ஒன்று பாதி உருகியிருந்தது. மற்றது நன்றாகவே இருந்தது.

"செருப்புக் கடையிலேர்ந்து வரேன் ஐயா. அந்த ஷூவை ஒரு தடவை பாக்கணும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் நாக்கைத் தூக்கினாள். அவள் கையெழுத்து. ஒன்று, பூஜ்யம். கால் மூடிக் காத்த இடம், தீ தொடவில்லை.

"பத்துன்னு போட்டிருக்குல்ல" என்றார் அவர், மெதுவாக. "நான் அன்னிக்கே பாத்தேன்மா. கடைக்காரன் ஏதோ கிறுக்கினதுன்னு நெனச்சுக்கிட்டேன்." அடிப்பாகத்தைக் காட்டினார். "என் பையன் வலது காலைச் சாய்ச்சு நடப்பான். எந்த ஷூவும் மூணே மாசத்துல வெளி ஓரம் தேஞ்சுரும். இது நேரா தேஞ்சிருக்கு."

"தெரிஞ்சேவா வாங்கினீங்க?"

அவர் திரைக்குப் பின்னால் கட்டிலைக் காட்டினார். "பையனோட அம்மா. மூணு நாள் பச்சைத்தண்ணி குடிக்கல. எதையாவது காட்டி இதுதான்னு சொன்னாத்தான் எந்திரிப்பான்னு தோணுச்சு. சொன்னேன். அழுதா. அழுதுட்டு ரெண்டு வாய் சாப்பிட்டா."

அவரை அடிக்கலாம் போல் வந்தது அவளுக்கு. கீழே விழுந்து கும்பிடலாம் போலவும் வந்தது.

"எங்க பொண்ணுக்கும் ஆளுங்க இருக்காங்க ஐயா. அவ துணியை மூட்டை கட்டி வாசல்ல வெச்சிருக்காங்க. ஓடிப்போனவன்னு பேரு. நீங்க சொன்னாத்தான் உண்டு."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யாருங்க அது?"

"கடைக்காரங்க. போயிட்டாங்க" என்றார். பிறகு இவளிடம், வாயசைவு மட்டும் தெரிய, "நாளைக்குக் காலையில வரேன்மா" என்றார்.

வந்தார். அவர் மட்டும் வராமல் இருந்திருந்தால் இவள் பேச்சை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் புதைத்திருந்த மண்ணைத் திறந்தார்கள். வேறு ஒரு டாக்டர் வந்து பார்த்து, பெண்தான் என்றார். கண்ணாடிக்காரர் பதினாலுக்கு எதிரே இருந்த ஆண் என்பதை அடித்துப் பெண் என்று எழுதினார், அதன் பக்கத்தில் சின்னவளின் பேரை எழுதினார். மேஸ்திரி மாமியார் வீட்டுப் பரணில் ஒளிந்திருந்தான் என்பதும், பின்கதவைப் பூட்டினதே அவன்தான் என்பதும் அந்த வாரக் கடைசியில் தெரியவந்தது.

தங்கை கணவன் ஷூவைக் கையில் வாங்கித் திருப்பினான். "எட்டா? என் நம்பராச்சே."

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா தம்பி."

"சொல்லியிருந்தா நான் என்ன..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. கேலி செய்திருப்பான் என்று அவனுக்கே தெரியும். ஷூவை மடியில் வைத்துக்கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெரியவர் போகவில்லை. ஆண்கள் மேசையின் முன் நின்றுகொண்டிருந்தார். மூன்று உறைகள் மிச்சம். இரண்டு பத்து, ஒன்று ஆறு. எட்டு இல்லை. கண்ணாடிக்காரர் பென்சிலோடு காத்திருந்தார்.

"அம்மா" என்று பெரியவர் நம்பரக்காவைக் கூப்பிட்டார். "கணக்குத் தெரிஞ்சவங்க நீங்க. உங்க தங்கச்சிக்குப் பத்து எட்டாச்சு. இந்த ஆறு எட்டாகாதா?"

அவள் உறையைக் கையில் எடுத்தாள். ஆறோடு இரண்டு எட்டு. கணக்கு சரிதான். ஆகும் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். மாடியில் இருப்பவள் நாளைக்கும் ரெண்டு வாய் சாப்பிடுவாள். கூடத்து வாசலில் இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதில் யாருடைய ஆறோ இது.

"ஆகும் ஐயா, பொம்பளைங்களுக்கு" என்றாள். "உங்க பையனுக்கு ஆகாது."

அவர் தலையாட்டினார். "சரிம்மா." கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பி, "இன்னும் சாம்பலைக் கிளறிட்டுத்தானே இருக்காங்க?" என்றார். ஆமாம் என்றார் கண்ணாடிக்காரர்.

"அவகிட்ட என்னன்னு போய்ச் சொல்றது?"

நம்பரக்கா மணியைப் பார்த்தாள். தங்கையை எடுத்துப் போக வண்டி வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. உறையை மேசையில் இருந்த இடத்திலேயே வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க, நானும் வரேன்" என்றாள்.