வெடிப்பு விழுந்த இடுகாடு

சின்னக்கானலில் ஜீப் ஓட்டுகிறேன். போன வாரம் வண்டியில் வந்த பினாங்குச் சீன அம்மாள் ஒருவர், தன் குடும்பம் வருஷாவருஷம் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்வதைப் போனில் காட்டினார். புல் பிடுங்குகிறார்கள், பெயர் எழுத்துக்குச் சிவப்புச் சாயம் பூசுகிறார்கள், சோறும் தேநீரும் படைக்கிறார்கள். எனக்கு ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

மழைமாதத்தில் வெள்ளையடித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆடி அமாவாசைக்கு நாங்கள் அடிப்போம். பாதி கல்லறையில், பாதி என் தலையில். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் எஸ்டேட் லயத்துக்கு மேலே, சரிவில்தான் இடுகாடு. அப்பாவுக்குப் பால் விடாத கட்டன்சாயாவும் பீடியும் வைப்போம். நான் தேயிலை ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்த வருஷமும் போனோம்.

அந்த ஆடியில் அப்பாவின் கல்லறை மேட்டுக்குக் குறுக்கே நிலம் வெடித்திருந்தது. அண்ணன் குடத்துத் தண்ணீரை வெடிப்பில் சாய்த்தான். கொஞ்சமும் தேங்கவில்லை. அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், நட்டிருந்த கற்களெல்லாம் லயத்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"இனி இங்க இருக்கக் கூடாதும்மா. போடிக்கு, மாமா வீட்டுக்குப் போயிருவோம்" என்றான் அண்ணன்.

"உங்கப்பாவ ஒத்தையில விட்டுட்டு நா எங்கலே வாரது?" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் மேட்டு மண்ணை அள்ளித் துண்டில் முடிந்து அவள் மடியில் வைத்தான். "அப்பாவும் வாராரு. கெளம்பு."

பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவையும் கூப்பிட்டோம். "மண்ணுக்குப் பயந்தா மலையில பொழைக்க முடியுமா தம்பி? மழ விட்டதும் நீங்களே வந்துருவீங்க" என்று சிரித்தாள். வழிக்கு எலுமிச்சைச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

மழை விடவில்லை. நாங்கள் போடியில் இருந்தபோது, ஒரு மதியம், சரிவு மொத்தமாக இறங்கியது. இடுகாடு லயத்தின் மேல் வந்து விழுந்தது. எப்போதோ செத்தவர்களும் அன்று செத்தவர்களும் ஒரே சேற்றில் கிடந்தார்கள். தோண்டத் தோண்டப் பழைய எலும்புகளும் வந்தன; யாருடையவை என்று ஒருவரும் கேட்கவில்லை. செல்வி அக்கா கிடைக்கவேயில்லை.

இப்போது அங்கே லயமும் இல்லை, இடுகாடும் இல்லை. தேயிலை வைத்துவிட்டார்கள். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து செல்வி அக்காவின் மகள் ஆடி அமாவாசைக்கு வருகிறாள். "அம்மா எந்த எடத்துல மாமா?" என்று கேட்கிறாள். நான் கை காட்டுகிறேன். செடிகளுக்கு நடுவே குனிந்து களை பிடுங்கிச் சுத்தம் செய்கிறாள்.

போன வருஷம் நான் காட்டியது வேறு இடம். அவளுக்கும் அது தெரியும்.