என் பெயருக்கு விழுந்த அடி

முதல் அடி காதுக்குக் கீழே விழுந்தது. காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட் வாசலில், கையில் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தேன். அடித்தவர் நூம்பலில் லாரி ஓட்டிப் பிழைக்கும் பழைய குடும்பத்துக்காரர். கூட இரண்டு ஆட்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார். என் பெயர், என் போட்டோ, கீழே அவருடைய அம்மாவைப் பெயர் சொல்லியே நாக்கூசும் வசவு.

சத்தியமாக நான் எழுதவில்லை. நான் எழுதும் சமூக வலைத்தளம் ஒரே கம்பெனியின் கையில் இல்லை. பல சர்வர்கள், ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் நடத்துகிறார். ஒன்றில் நான் என் பெயரில் இருந்தால், இன்னொன்றில் அதே பெயரை, அதே போட்டோவை எவன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எவனோ வைத்துக்கொண்டான். பெயருக்குப் பின்னால் இருக்கும் சர்வரைப் பாருங்கள், அது வேறு என்று தரையில் கிடந்தபடி விளக்கினேன். விலாவில் மிதித்தார்.

"மூஞ்சி உன்னுது, பேரு உன்னுது. அப்பால இன்னாடா சர்வரு?"

ரத்தத்தோடு ஒரு பல்லும் வந்தது. மனைவி துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு வந்த பிறகுதான் போனார்கள்.

விலாக் கட்டோடு உட்கார்ந்து சொந்தமாக ஒரு டொமைன், எனக்கே எனக்கான இணைய முகவரி, வாங்கினேன். எந்த சர்வரில் இருந்தாலும் அதோடு இணைந்த கணக்குதான் நான். அதற்குத்தான் பச்சை டிக் வரும், போலிக்கு வராது. அந்தப் போலி மட்டும் கையில் கிடைத்திருந்தால் அவன் பல்லை நானே உடைத்திருப்பேன். அவ்வளவு வெறி.

கட்டுப் பிரித்ததும் ஐயப்பன்தாங்கல் டிப்போ எதிரே டீக்கடையில் லாரிக்காரரைப் பிடித்து, போனில் எல்லாவற்றையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை.

"அப்போ இந்த டிக்கு இருந்தா அது நீதானே சார்?"

நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"செரி. இனிமே ஆள் மாத்தி அடிக்க மாட்டோம்."

திரும்பும் வழியில் ஏரியோரம் ஒரு லாரி கட்டட இடிபாட்டைத் தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடிக்கு மேலே லாரிக்காரரின் அம்மா பெயர், ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்த அதே பெயர். போட்டோ எடுத்தேன். இம்முறை நானில்லை என்று சொல்லவே முடியாது. நாக்கு தானாகப் பல் போன இடத்தைத் தடவியது. பயமாகத்தான் இருந்தது. பச்சை டிக் போட்ட என் பெயரிலேயே வலைத்தளத்தில் பதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் துடைப்பத்தை வாசல் பக்கமே வைக்கச் சொன்னேன்.