நானும் என் ஸ்ராட்டர் மோட்டரும்

காரைக் கழற்றுவதற்கு யாரும் மெக்கானிக்காக இருக்கவேண்டியதில்லை. திரும்பப் பூட்டுவதற்குத்தான் தொழில் தெரிந்திருக்க வேண்டும். இதை வாசிக்கும் உங்களில் யாராவது வீட்டுத் தையல் மெஷினையோ தண்ணீர்ப் பம்பையோ ஒரு விடுமுறை நாளில் முழு நம்பிக்கையோடு திறந்து பார்த்திருந்தால் நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கோப்பாயில் குடியிருந்து, பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் ஒரு பழைய ஏ ஃபோர்ட்டி கார் இருந்தது. என் மனைவி பவானியோடு சீதனமாக வந்தது. யுத்தத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலம் அது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மருந்துப் போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, எழும்பிய பிறகு மண்ணெண்ணெயைக் கொடுத்து ஏமாற்றவேண்டும். எழுப்புகிற வேலை ஸ்ராட்டர் மோட்டருடையது. அதுதான் ஒருநாள் காலையில் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது.

பெருவிரல்

சந்திக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த செல்லத்துரை அண்ணையிடம் ஓடினேன். அவர் முற்றத்தில் ஏழெட்டுக் கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறுவதற்காகக் காத்து நின்றன. ஒரு மாதம் செல்லும், அதுவரைக்கும் முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றி ஸ்ராட் பண்ணுங்கள் என்றார். சுற்றும்போது பெருவிரலை எப்படி வைக்கவேண்டும் என்றும் ஏதோ சொன்னார். திருப்புதிறனைப் பற்றி எனக்கே விளக்கம் சொல்ல வருகிறாரே என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் சுற்றில் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தது. ஹாண்டில் என் பெருவிரலையும் சேர்த்துக்கொண்டு திரும்பியது. விரல் கத்தரிக்காய்ப் பருமனில் வீங்கிவிட்டது. இரண்டு கிழமை இடது கையால் கரும்பலகையில் எழுதினேன். முதல் நாள், காந்தப்புலத்தின் படத்தைக் கீறி முடித்துத் திரும்பியபோது முன்வாங்கில் இருந்த மாணவி எழுந்து மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: “சேர், இண்டைக்குப் பாடம் பௌதிகமோ, சித்திரமோ?”

துணிவு

விரலின் வீக்கம் வற்றியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். மோட்டரை நானே கழற்றித் திருத்துவது. நேரோட்ட மோட்டர் எப்படி வேலை செய்கிறது என்று வருடந்தோறும் இரண்டு வகுப்புகளுக்கு விளக்குகிறவன் நான். வினாத்தாள்களில் அதைப்பற்றிக் கேள்வியும் போட்டிருக்கிறேன். சேட்டைக் கழற்றிவிட்டு, பழைய சாறத்தோடு, பாயை உருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காரடிக்குப் போகும்போது இதையெல்லாம் பவானிக்கு எடுத்துச் சொன்னேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தாமலே கேட்டாள்: “பதினொரு வருசமா மோட்டர் படிப்பிக்கிறியள். ஒண்டையாவது தொட்டுப் பாத்தனீங்களோ?”

பொறி

எங்கள் பக்கத்து வளவில் அந்தோனிப்பிள்ளை அண்ணையும் மனைவியும் இருந்தார்கள். குருநகர்க்காரர், மீன்பிடித் தொழில். செல் குண்டு விழுந்து வீடு உடைந்தபிறகு இடம்பெயர்ந்து கோப்பாய்க்கு வந்தவர்கள். கடலுக்குப் போக அப்போது தடை. ஆனாலும் நாள் முழுக்க வேலியோரமாக இருந்து, கிழியாத வலையையும் பார்த்துப் பார்த்துப் பொத்திக்கொண்டிருப்பார். கிடுகு வேலியில் ஒரு கிடுகு விலகிய இடத்தால் என் காரும் நானும் அவருக்கு நன்றாகத் தெரிவோம்.

நான் காருக்குக் கீழே போனேன். பற்றறி வயரை முதலில் கழற்றவேண்டும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். நான் படிப்பித்த புத்தகத்திலும் இருந்தது. ஸ்பனரின் ஒரு நுனி மோட்டரின் நட்டிலும் மற்ற நுனி காரின் உடம்பிலும் பட்டது. கண்முன்னால் ஒரு வெள்ளை வெளிச்சம். ஸ்பனர் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. பயத்தில் தலையைத் தூக்கினேன், தலை இரும்பில் அடிபட்டது. ஒருவாறு வயரைக் கழற்றிவிட்டு மறுபடியும் போய்க் கடைசி நட்டைத் திருப்பியபோது மோட்டர் நேரே என் நெஞ்சில் வந்து இறங்கியது. மோட்டரைக் கட்டிப்பிடித்தபடி மூச்செடுத்துக்கொண்டு கிடந்தேன். வேலிக்கு அப்பாலிருந்து அந்தோனிப்பிள்ளை அண்ணையின் குரல் நிதானமாக வந்தது: “மாஸ்ரர், உது கடலிலை எண்டால் இப்ப உங்கடை ஆத்துமாவுக்குப் பூசை வைக்கவேணும். தரையெண்டபடியாலை தப்பீட்டியள்.”

கரி

மோட்டரைத் திறந்தேன். உள்ளே மின்சாரத்தைக் கடத்துகிற கரித்துண்டுகள் தேய்ந்து முடிந்திருந்தன. யாழ்ப்பாணம் முழுக்க அலைந்தாலும் அது கிடைக்காது என்று தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் செத்துப்போன ரோச் லைற் பற்றறிகள் ஒரு பேணி நிறைய இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரிக்கோல் இருக்கிறது. உடைத்து எடுத்து, அரத்தால் இரண்டு நாள் அராவி, நாலு துண்டு செய்தேன். வாழ்க்கையில் முதற்தடவையாக ஒரு விஞ்ஞானி மாதிரி உணர்ந்தேன்.

பூட்டி, முற்றத்தில் வைத்துப் பற்றறியைக் கொடுத்தேன். மோட்டர் சுழன்றது. பவானியைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் இன்னும் வேகமாகச் சுழன்று, பொறி பறந்து, ஒரு மூலையால் மெல்லிய நீலப் புகை விட்டு நின்றுபோனது. கரியோடு சேர்ந்து செப்புச் சுருளும் எரிந்துவிட்டது. இனி அது மோட்டர் இல்லை, வெறும் பாரம். பவானி குசினி வாசலிலேயே நின்று முகர்ந்து பார்த்தாள். “இஞ்சை ஒண்டும் கருகேல்லை, நான் பாத்திட்டன். கருகினது உங்கடை பக்கந்தான்.”

அடைக்கோழி

சண்டிலிப்பாயில் கந்தையா என்ற புகையிலைத் தோட்டக்காரரிடம் இதே மாதிரிக் கார் ஒன்று ஓடாமல் நிற்கிறது என்று ஒருவர் சொன்னார். சைக்கிளில் போனேன். கார் வளவின் மூலையில் நின்றது. கூரையில் பூசணி படர்ந்திருந்தது. கந்தையா யோசித்துவிட்டு, மோட்டரைத் தருகிறேன், ஒரு நிபந்தனை என்றார். அவருடைய தம்பிக்கு அடுத்த மாதம் நல்லூரில் கல்யாணம். மாப்பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப அவருக்கு மனமில்லை. என் கார் மாப்பிள்ளைக் காராக வரவேண்டும். யோசிக்காமல் வாக்குக் கொடுத்தேன்.

பொனற்றைத் தூக்கினால், பற்றறி வைக்கிற தட்டில் வைக்கோலுக்கு மேல் ஒரு கோழி இருந்து என்னைப் பார்த்தது. அதற்கும் மோட்டருக்கும் ஒரு சாண் தூரம். நான் கையை விடுவதும் அது கொத்துவதுமாக அரை மணித்தியாலம் போனது. கோழியைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா என்று கந்தையாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “மோட்டரைக் கழட்டுங்கோ, மாஸ்ரர். கோழியை மட்டும் எழுப்பாதேங்கோ. அது இன்னும் அஞ்சு நாள் கிடக்கவேணும்.”

வேலி

கையில் ஏழு கொத்துக் காயங்களோடு மோட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். அது அழகாக இருந்தது. இன்னும் அழகாக இருக்கட்டும் என்று, முன்னால் தள்ளிக்கொண்டு போய் எஞ்சினின் பற்சக்கரத்தைப் பிடிக்கிற சுரைக்கு விரலால் அள்ளி அள்ளிக் கிறீஸ் பூசினேன். இந்தத் தடவை பற்றறி வயரைக் கழற்றிவிட்டுத்தான் பூட்டினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

எங்கள் காரின் கைப்பிறேக் பிடிப்பதில்லை. அது உருளாமல் இருக்க நானே முதலாம் கியரில் போட்டு வைத்திருந்தேன். அதை மறந்துபோனேன். வெளியில் நின்றபடியே யன்னலால் கையை விட்டு ஸ்ராட்டர்க் குமிழைப் பிடித்து இழுத்தேன். புது மோட்டர் எஞ்சினோடு நிற்காமல் காரையே இழுத்துக்கொண்டு புறப்பட்டது. கையை விடவேண்டும் என்று தோன்றுவதற்குள் நானும் கூடவே ஓடினேன். வேலி சாய்ந்தது. கார் மூக்கை நீட்டிக்கொண்டு அந்தோனிப்பிள்ளை அண்ணையின் வலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் ஊசியில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஓம் மாஸ்ரர். இப்ப நல்லா இழுக்குது.”

மாப்பிள்ளை

கல்யாணத்தன்று காலை சண்டிலிப்பாயில், ஊரே பார்த்து நிற்க, ஒரே இழுவையில் கார் ஸ்ராட் ஆனது. நான் வேட்டி சால்வையோடு சாரதி ஆசனத்தில் நிமிர்ந்து இருந்தேன். ஹாண்டிலை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். புது மோட்டர் போட்டவனுக்கு ஹாண்டில் எதற்கு? பின்னால் மாப்பிள்ளை தலைப்பாகையோடும், தோழன் குடையோடும், என் பக்கத்தில் கந்தையா கூறைப்பெட்டியோடும் இருந்தார்கள். மற்ற ஆட்கள் சைக்கிளில் வந்தார்கள்.

மானிப்பாயில் ஒரு பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் உடைக்க நிறுத்தச் சொன்னார்கள். சாமிக்கு முன்னால் புகை விடக்கூடாது என்று எஞ்சினை நிறுத்தினேன். தேங்காய் உடைந்தது. ஸ்ராட்டரை இழுத்தேன். மோட்டர் ‘ஙொய்’ என்று தனியாகச் சுழன்றது, எஞ்சின் அசையவில்லை. மறுபடியும் இழுத்தேன். அதே ‘ஙொய்’. முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் இல்லை. ஹாண்டில் எங்கே என்று கந்தையா கேட்டார். வீட்டில் என்றேன். அவர் முகம் சிவந்து போயிற்று. என்னைத் திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அவர் இறங்கி, பட்டுச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளத் தொடங்கினார். தோழன் தள்ளினான். சைக்கிள்காரர்கள் தள்ளினார்கள். போதவில்லை. கடைசியில் மாப்பிள்ளையே இறங்கி, தலைப்பாகையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். இருநூறு யார் தூரம் தள்ளியபிறகு எஞ்சின் இருமி எழும்பியது. அந்த இருமலுக்கு நான் கும்பிட்டேன்.

நல்லூருக்கு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். இனிமேல் நிறுத்த எனக்குத் துணிவில்லை. தாலி கட்டி முடித்து, சாப்பாடு முடித்து, மாப்பிள்ளையும் பொம்பிளையும் திரும்பி ஏறும்வரை இரண்டரை மணித்தியாலம் பந்தலுக்குப் பக்கத்தில் எஞ்சினை ஓடவிட்டபடி காருக்குள் இருந்தேன். மண்ணெண்ணெய்ப் புகை காற்றோடு நேரே மணவறைக்குப் போனது. கண்ணைத் துடைத்தவர்களில் யார் சந்தோசத்தில் அழுதார்கள் என்று சொல்லமுடியாது. ஒரு கட்டத்தில் ஐயர் எழுந்து வந்து, யன்னலடியில் குனிந்து, அமைதியாகச் சொன்னார்: “ஓமப்புகை நான் போடுறன், மாஸ்ரர். நீங்கள் சிரமப்படாதேங்கோ.”

கிறீஸ்

அடுத்த நாள் காரைத் தள்ளுவித்துச் செல்லத்துரை அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் மோட்டரைக் கழற்றினார், முகர்ந்தார், சுரையில் கிடந்த கிறீஸை ஒரு குச்சியால் வழித்து எனக்குக் காட்டினார். சண்டிலிப்பாய்ப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக் களியாகியிருந்தது. அந்த இடம் காய்ந்துதான் இருக்கவேண்டுமாம். கிறீஸ் பட்டால் புழுதி பிடித்துச் சுரை நகராதாம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார். ஐந்து நிமிடத்தில் பூட்டினார். இழுத்தார். கார் எழும்பியது.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பூட்டினதெல்லாம் சரி, மாஸ்ரர். அழகு பாத்த இடத்திலைதான் பிழைச்சுப்போச்சு.”

இரவல்

சில மாதங்கள் கழித்து, கரையோரமாக, ஆழமில்லாத களக்கடலில் பகலில் தொழில் செய்யலாம் என்ற கதை வந்தது. அன்று பின்னேரம் அந்தோனிப்பிள்ளை அண்ணை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் வேலியைத் தாண்டி வந்தது அதுதான் முதற்தடவை. ஒரு ஸ்பனர் இரவல் வேண்டும் என்றார். நானும் வருகிறேன் என்று சாறத்தை மடித்துக் கட்டினேன். வேண்டாம், ஸ்பனர் மட்டும் போதும் என்று சிரித்தார். ஆனாலும் பின்னால் போனேன்.

கட்டிலுக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்திருந்த படகு எஞ்சினை அவர் இழுத்து எடுத்தார். வீடு உடைந்த அன்று, வலையைத் தவிர அவர் குருநகரிலிருந்து தோளில் கொண்டுவந்த ஒரே சாமான் அது. இரண்டு வருடமாக அதைத் தொடவில்லை. தொட்டு என்ன செய்வது? நட்டுகள் அவர் கையில் தாமாகவே கழன்றமாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையில் சாக்கின்மேல் அடுக்கினார், துடைத்தார், திரும்பப் பூட்டினார். தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் தொங்கவிட்டுக் கயிற்றை இழுத்தார். இரண்டாம் இழுவையில் எஞ்சின் சத்தம் வளவை நிறைத்தது. அவருடைய மனைவி குசினியிலிருந்து வெளியே வந்து, ஈரக் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் எஞ்சினை நிறுத்தியபிறகு எனக்குக் கோபமே வந்தது. இவ்வளவு தெரிந்த மனிதர், பற்றறி வயரிலிருந்து கிறீஸ் வரைக்கும் நான் செய்த ஒவ்வொரு கூத்தையும் வேலிக்கு அப்பால் இருந்து பார்த்தவர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். அவர் ஸ்பனரைத் துடைத்து என் கையில் தந்தார். “ரெண்டு வருசமா எனக்குப் பாக்கிறதுக்கெண்டு இருந்தது உங்கடை எஞ்சின் ஒண்டுதான், மாஸ்ரர். நான் வந்து திருத்திப்போட்டன் எண்டால், பிறகு எதைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?”

அந்த மோட்டர் அதன்பிறகு நாங்கள் கோப்பாயை விட்டுப் போகும்வரை ஒருநாளும் மறுக்கவில்லை. நான் அதை முதலில் பூட்டி முடித்த அன்று என் கையில் மிஞ்சியிருந்த இரண்டு நட்டுகள் எதற்குரியவை என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியாததால், கார் செய்கிறவர்கள் எப்போதும் இரண்டு நட்டுக் கூடத்தான் போடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.